வீட்டுக் குப்பையை எத்தனையாகப் பிரிப்பது?

மூன்று மாதமாகச் சேர்த்த செய்தித்தாள் கட்டு அது. ஓரங்களைத் தட்டி நேராக்கி, சணல் கயிற்றால் கட்டி, மறுநாள் எடைக்குப் போடலாம் என்று வாசலோரம் வைத்திருந்தேன். அன்று இரவு வீட்டில் யாரோ எண்ணெய் வடியும் உணவுப் பொட்டலத்தின் உறையை அதன்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் பார்த்தால் மஞ்சள் கறை தாள் தாளாக இறங்கிக் கட்டின் நடுவரைக்கும் வந்திருந்தது. எடுக்க வந்தவர் விரலால் ஓரத்தைப் புரட்டினார், முகர்ந்து பார்த்தார், பாதிக் கட்டைப் பிரித்து ஒதுக்கி வைத்தார். "இது கூழுக்கு ஆகாது" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. காகித ஆலையில் பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் நாரைப் பிரிக்கிறார்கள். எண்ணெய் தண்ணீரோடு சேராது; நாரைப் பற்றிக்கொண்டு புதுத் தாளில் திட்டாகவும் ஓட்டையாகவும் வந்து நிற்கும். ஆலைக்குப் போகவேண்டிய தாள் அன்று குப்பைமேட்டுக்குப் போனது.

மறுசுழற்சி என்றதும் ஆலையும் லாரியும் அரசும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு பொருளுக்கு மறுவாழ்வு உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் நம் சமையலறையிலேயே முடிவாகிவிடுகிறது. எனவே குப்பையைக் குறைக்க நினைக்கும் எந்த வீடும் முதலில் முடிவு செய்யவேண்டியது இதைத்தான்: எத்தனையாகப் பிரிப்பது? எல்லாம் ஒன்றாகவா, இரண்டாகவா, பத்தாகவா? அல்லது பிரிக்கிற சிரமமே வேண்டாம், எரிஉலைக்கு அனுப்பிவிடலாம் என்று விட்டுவிடுவதா? சில ஆண்டுகளாக இந்த வழிகளையெல்லாம் செய்தும் படித்தும் பார்த்திருக்கிறேன். என் சார்பு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டாகப் பிரிப்பதுதான் தொடக்கம். மற்ற எதுவும் அதன்மேல்தான் நிற்க முடியும்.

எல்லாம் ஒரே தொட்டியில்

இந்த வழிக்குச் சொல்லப்படும் நியாயம் எளிமையானது. வேலை குறைவாக இருந்தால்தான் எல்லோரும் செய்வார்கள். பிரிக்கும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இதில் உண்மை இருக்கிறது. தாள், பாட்டில், டப்பா, கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடலாம் என்று சொன்னால் கூடுதலான வீடுகள் சேர்ந்துகொள்கின்றன. பிரிப்பு நிலையங்களின் திறமையும் சாதாரணமானதில்லை. காந்தம் இரும்பைத் தூக்கிக்கொள்கிறது. வேகமாகச் சுழலும் காந்தப்புலம் அலுமினியத்தைத் துள்ளவைத்துத் தனியே எறிகிறது. அகச்சிவப்பு ஒளி பட்டதும் இது இன்ன பிளாஸ்டிக் என்று கருவி கண்டுபிடிக்க, காற்று பீறிட்டு அதைத் தன் வரிசைக்குத் தள்ளிவிடுகிறது.

ஆனால் அதே நிலையத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பை போதும், எல்லாவற்றையும் நிறுத்த. சுழலும் உருளைகளில் அது கயிறு மாதிரி சுற்றிக்கொள்கிறது. ஓட்டத்தை நிறுத்தி, ஆள் உள்ளே ஏறி, கத்தியால் அறுத்து எடுக்கவேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் தட்டுகள் இன்னொரு சிக்கல். கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் கருவியின் கண்ணுக்கு அவை தெரிவதே இல்லை. கண்ணாடி, லாரியில் அமுக்கப்படும்போதே உடைந்து, சில்லுகளாகத் தாளுக்குள் புதைந்துகொள்கிறது. ஈரம் கலந்துவிட்டாலோ எந்த இயந்திரத்தாலும் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம். அழுகிய பழமும் செய்தித்தாளும் ஒரே பையில் ஒரு இரவு கிடந்தால், காலையில் இரண்டும் அழுகியவைதான்.

இதன் விலை என்ன என்பது 2018-இல் உலகத்துக்கே தெரிந்தது. அதுவரை பல பணக்கார நாடுகள் கலந்துகிடந்த பிளாஸ்டிக்கையும் தாளையும் பொதிகளாகக் கட்டிச் சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அதை மறுசுழற்சிக் கணக்கிலும் எழுதிக்கொண்டன. அந்த ஆண்டு சீனா பல வகைக் கழிவுகளுக்குக் கதவை மூடியது. அனுமதித்த வகைகளிலும் வேண்டாத கலப்பு 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பெரும்பாலானவற்றுக்கு வரம்பு வைத்தது. ஒரே தொட்டியில் சேர்ந்த சரக்கு அந்த வரம்பை எட்டுவது மிகக் கடினம். பொதிகள் வேறு நாடுகளுக்குத் திரும்பின, கிடங்குகளில் தேங்கின, எரிஉலைக்கும் போயின. அதன்பின், அபாயகரமான கழிவுகளை நாடுவிட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையில் 2019-இல் திருத்தம் வந்து, கலப்பான, அழுக்கான பிளாஸ்டிக் கழிவை அனுப்ப, பெறும் நாட்டின் முன்சம்மதம் வேண்டும் என்ற விதி 2021 முதல் நடப்புக்கு வந்தது. ஏதோ ஒரு வீட்டில் கலந்து போட்டது, எங்கோ ஒரு கடலோரக் கிராமத்தில் யாரோ ஒருவர் வாசலில் எரிந்த காலம் அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

ஆகவே ஒரே தொட்டி என்பதை நான் ஒரு நிபந்தனையோடு மட்டுமே ஏற்பேன்: அதில் ஈரம் எதுவும் சேரக்கூடாது. அப்படிச் சொன்னதுமே அது ஒரே தொட்டியாக இருப்பதில்லை.

ஈரம் தனி, உலர்ந்தது தனி

வீட்டில் ஒரு வாரம் எல்லாவற்றையும் எடை போட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் எடையில் மிகப் பெரிய பங்கு சமையலறைக் கழிவாகத்தான் இருக்கும். உலக வங்கி 2018-இல் வெளியிட்ட கணக்கும் அதையே சொல்கிறது: உலகத்தின் நகராட்சிக் குப்பையில் 44 சதவீதம் உணவும் தாவரக் கழிவும். பிளாஸ்டிக் 12 சதவீதம்தான். நம் கண்ணை உறுத்துவது பிளாஸ்டிக். தொட்டியை நிறைப்பது காய்கறித் தோல்.

இந்தத் தோலும் மிச்சமும் குப்பைமேட்டில் போய் அமுங்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. மேலே மேலே குப்பை விழ, உள்ளே காற்று நின்றுபோகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனை விடுகின்றன. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குப்பைமேடுகள் அடிக்கடி தீப்பிடிப்பதற்கும், பிடித்த தீ நாள்கணக்கில் உள்ளுக்குள் புகைவதற்கும் இந்த வாயு ஒரு முக்கியக் காரணம். இன்னொரு பக்கம், அழுகலின் சாறு மழைநீரோடு கலந்து கறுப்பாக வடிகிறது. வழியில் உள்ள மின்கலம், வண்ணப்பூச்சு, பூச்சிமருந்து டப்பா எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. ஈரத்தை மட்டும் அங்கே போகாமல் தடுத்துவிட்டால் மேடு பாதியாகச் சிறுக்கும், வாயுவும் சாறும் வெகுவாகக் குறையும், உலர் குப்பையும் சுத்தமாகக் கைக்கு வரும். ஒரு வேலையில் இவ்வளவு பலன் வேறு எந்த வழியிலும் இல்லை.

தென்கொரியா 2005-இல் உணவுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டவே தடை போட்டது. பிறகு எடைக்கு ஏற்பக் கட்டணமும் வந்தது. இன்று அங்கே உணவுக் கழிவின் மிகப் பெரும்பகுதி உரமாகவும் தீவனமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது. பிரான்சில் 2024 ஜனவரி முதல் வீடுகளின் உணவுக் கழிவைத் தனியாகச் சேகரிக்க உள்ளாட்சிகள் வழி செய்துதரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

வீட்டிலேயே மட்க வைப்பதா, கொடுத்துவிடுவதா?

ஈரத்தைப் பிரித்தபின் அடுத்த தேர்வு இது. நான் முதலில் வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். துளையிட்ட பெரிய வாளி, அதில் தினமும் காய்கறித் தோல், பழத்தோல், முட்டை ஓடு. ஏழாம் நாள் மூடியைத் திறந்தால் சாக்கடை நாற்றம். அடியில் சேறு மாதிரி ஏதோ, அதில் வெள்ளை வெள்ளையாக நெளியும் புழுக்கள். கொட்டிக் கவிழ்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சையாகவே போட்டால் நாறாமல் என்ன செய்யும்? ஒரு கை தோலுக்கு இரண்டு கை சருகு போடுங்கள், அடியோடு கிளறிவிடுங்கள்" என்றார்.

அவர் கைக்கணக்கில் சொன்னதை வேதியியல் வேறு விதமாகச் சொல்கிறது: கரி (கார்பன்) 30 பங்கு இருந்தால் நைட்ரஜன் ஒரு பங்கு இருக்கவேண்டும். சமையலறைக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகிலும் மரத்தூளிலும் கிழித்த அட்டையிலும் கரி அதிகம். சருகு இன்னொரு உதவியும் செய்கிறது. துகள்களுக்கிடையே இடைவெளி விட்டுக் காற்றை உள்ளே விடுகிறது. காற்று உள்ளே வந்தால் நாற்றம் போய்விடும். ஈரமும் அளவாக இருக்கவேண்டும்: ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிழிந்த பஞ்சு மாதிரி இருக்கவேண்டும், ஓரிரு துளிக்குமேல் சொட்டக்கூடாது. சருகு போட்ட மூன்றாம் நாள் நாற்றம் இல்லை. ஒரு வாரம் கழித்துக் கையை உள்ளே விட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டரை மாதத்தில் தோலும் காம்பும் அடையாளம் தெரியாமல் கரைந்து, கறுத்துப் பொலபொலவென்று உதிர்ந்தது. முட்டை ஓடு மட்டும் இன்னும் ஓடாகவே கிடந்தது. முகர்ந்தால் முதல் மழையின் மண்வாசனை. அது வெறும் கற்பனை ஒப்புமை இல்லை; மழைபெய்ததும் எழும் அந்த வாசனைக்குக் காரணமான நுண்ணுயிர்கள்தாம் மட்கிய உரத்திலும் வாழ்கின்றன.

எனினும் வீட்டு வாளியால் எல்லாவற்றையும் தாங்க முடியாது. இறைச்சி, எலும்பு, எண்ணெய் மிகுந்த மிச்சம் ஆகியவற்றைப் போட்டால் எலி வரும், நாற்றமும் வரும். பெரிய உரக்கூடத்தில் குவியல் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் கொன்றுவிடும். சின்ன வாளி பெரும்பாலும் அந்தச் சூட்டை எட்டாது. 'மட்கும் பிளாஸ்டிக்' என்று அச்சிட்ட பைகளில் பல, அந்தப் பெரிய கூடத்தின் சூட்டில்தான் மட்கும். வீட்டு வாளியில் போட்டால் மாதங்கள் கழிந்தும் பையாகவே கிடக்கும்.

எனவே இப்படி முடிவு செய்யலாம். கொஞ்சம் மண்ணோ செடியோ இருந்து, தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்க ஆளும் இருந்தால் வீட்டு உரமே மேல். லாரி ஏறிப் போகவேண்டிய எடை வீட்டைத் தாண்டவே தாண்டாது. இடமில்லாத குடியிருப்பு, அசைவ மிச்சம் அதிகமுள்ள வீடு, நேரமில்லாத வீடு ஆகியவற்றுக்கு, ஈரக் குப்பையைத் தனியாக எடுக்கும் வசதி இருந்தால் கொடுத்துவிடுவதே நல்லது. அது போய்ச் சேரும் இடத்தில் சாண எரிவாயுக் கலன் போன்ற மூடிய தொட்டியில் அதே மீத்தேனைப் பிடித்து அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் எடுத்துக்கொள்ள முடியும். இரண்டும் இல்லாத இடத்தில், நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு உரக்குழி போடுவதை நான் பரிந்துரைப்பேன். தனியாகச் செய்து சலித்தவர்கள்கூடச் சேர்ந்து செய்யும்போது விடுவதில்லை.

பத்தாக, நாற்பதாகப் பிரித்தால்?

ஜப்பானில் டோக்குஷிமா மாகாணத்தின் மலைக்கிராமமான கமிகாட்சு, 2003-இல் குப்பையே இல்லாத ஊராக மாறுவோம் என்று அறிவித்தது. அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். குப்பை வண்டி கிடையாது; மக்களே கழுவி உலர்த்திக் கொண்டுவந்து நிலையத்தில் உரிய பெட்டியில் போடுகிறார்கள். சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. நாடு முழுவதற்குமான சராசரி 20 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

பார்த்துப் பொறாமைப்பட வைக்கும் ஊர். ஆனால் அங்கே பெரும்பாலான பெட்டிகளுக்குப் பின்னால் அந்தப் பொருளை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார். நம் வீட்டில் பத்து டப்பா வைத்து, அத்தனையும் கடைசியில் ஒரே லாரிக்குள் கொட்டப்படுவதைப் பார்த்தால் மனம் விட்டுப்போகும். எனக்கும் அது நடந்தது. ஒரு வருடம் தனித்தனியாகச் சேர்த்தவற்றைக் கண் முன்னால் ஒன்றாகக் கொட்டினார்கள். அதன்பின் நான் கடைப்பிடிக்கும் முறை வேறு: முதலில் நம் பகுதியில் யார் எதை எடுத்துக்கொள்கிறார் என்று கேட்பது, அதற்கேற்பப் பிரிப்பது. எடுக்க ஆள் உள்ள பொருளுக்கு மட்டும்தான் தனிப் பை.

அந்தத் தேர்விலும் பொருள்கள் எல்லாம் ஒன்றில்லை. அலுமினியத்துக்கு முதலிடம். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதோடு ஒப்பிட்டால், பழைய அலுமினியத்தை உருக்குவதில் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம். எத்தனை முறை உருக்கினாலும் தரமும் குறையாது. அப்படிப்பட்ட ஒரு டப்பாவைக் குப்பையில் எறிவதை என்னால் பொறுக்கவே முடிவதில்லை. இரும்பும் அவ்வாறே. கண்ணாடியும் முடிவில்லாமல் உருகும், ஆற்றல் மிச்சம் மட்டும் குறைவு. கனமானது, உடையக்கூடியது, ஆகவே உருக்குவதைவிடக் கழுவி நிரப்புவதே கண்ணாடிக்கு ஏற்றது. தாளின் நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே வரும், ஐந்து முதல் ஏழு சுற்றுவரை தாங்கும் என்பது வழக்கமான கணக்கு. நனையாமலும் எண்ணெய் படாமலும் வைத்திருந்தால் போதும்.

பிளாஸ்டிக்குக்கு வரும்போது நாம் நம்மிடமே உண்மை பேசவேண்டும். 1950 முதல் 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்கு வந்தது என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. 12 சதவீதம் எரிந்தது. மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலும் வெளியிலும் கிடக்கிறது. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பலரும் மறுசுழற்சிக்கான உத்தரவாதம் என்று நம்புகிறார்கள். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த அந்த எண், இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்லும். எண் 1 உள்ள தண்ணீர் பாட்டிலுக்கும் எண் 2 உள்ள கெட்டி டப்பாவுக்கும் பல இடங்களில் வாங்க ஆள் உண்டு. எண் 5-க்கு சில இடங்களில் உண்டு. உள்ளே வெள்ளி நிறத்தில் பளபளக்கும் தின்பண்டப் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அதைப் பிரிப்பது மிகவும் சிரமம். அதைக் கழுவிக் காயவைத்து மாய்வதைவிட, வாங்காமல் விடுவதே எளிது.

எரித்துவிட்டால் என்ன?

நவீன எரிஉலை குப்பையின் பருமனைச் சுமார் 90 சதவீதம் குறைத்து மின்சாரமும் தரும். இடமே இல்லாத நகரங்கள் அதை நாடுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. குப்பைமேட்டுக்குப் போவதைவிட அது மேல் என்று சொல்லக்கூடிய சூழல்களும் உண்டு. ஆனால் ஈரக் குப்பை எளிதில் எரியாது, அதன் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும். நன்றாக எரிபவை தாளும் பிளாஸ்டிக்கும். தாள் மறுசுழற்சிக்குப் போயிருக்கலாம். பிளாஸ்டிக் எரிவது பெட்ரோலியம் எரிவதுதான். வடிகட்டியில் பிடிபடும் நச்சுச் சாம்பலைத் தனியே பாதுகாப்பாகப் புதைக்கவும் வேண்டும். கொல்லையில், தெருவோரத்தில் கொளுத்துவதை இதோடு ஒப்பிடவே கூடாது. குறைந்த சூட்டில் பிவிசி போன்ற பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகிறது. அந்தப் புகை முதலில் போவது பக்கத்தில் விளையாடும் குழந்தையின் மூச்சுக்குள்.

குப்பையே ஆகாமல் தடுப்பது இவை எல்லாவற்றுக்கும் மேல். கழுவி மறுபடி நிரப்பும் பாட்டில், பழுதுபார்த்த மின்விசிறி, அளவோடு வாங்கிய காய்கறி ஆகியவை பிரிக்கும் வேலையையே மிச்சப்படுத்துகின்றன. ஜெர்மனியில் 2003 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பாட்டிலுக்கும் முன்பணம் வாங்கி, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் திரும்பி வருகின்றன. மக்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பாமல் திரும்பக் கொடுப்பதற்குக் காரணத்தையும் தரும் ஏற்பாடு அது. எங்கெங்கே அதைக் கேட்டு வாங்க முடியுமோ அங்கெல்லாம் கேட்கவேண்டும்.

என் வீட்டில் இப்போது மூன்றே இடங்கள். கழுவுதொட்டியின் கீழே மூடியுள்ள சிறு வாளி ஈரத்துக்கு. கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கு, கழுவி உலர்ந்த எல்லாவற்றுக்கும். கழுவ நல்ல தண்ணீர் எடுப்பதில்லை, பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரே போதும். சாக்கு நிறைந்ததும் தரையில் கொட்டி, யாருக்கு எது என்று பத்து நிமிடத்தில் பிரித்துவிடுகிறோம். மூன்றாவது, அலமாரியில் ஒரு கண்ணாடிக் குடுவை. பழைய மின்கலம், பொத்தான் செல், உடைந்த போனின் பேட்டரி ஆகியவை அதற்குள். லித்தியம் மின்கலம் குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், எனவே முனைகளில் ஒட்டுநாடா ஒட்டியபின்தான் உள்ளே போடுவது. குடுவை நிறைய ஏறத்தாழ ஒரு வருடம் ஆகிறது. நிறைந்ததும் மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.